காதால் பழகும் ஆங்கிலம்

தமிழில் "நான் தோசை சாப்பிட்டேன்" என்கிறோம். வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் "ஐ ஏட் எ தோசை": வினை நடுவில், தோசை கடைசியில்! இந்த வரிசையைக் காதுக்குப் பழக்க வானொலி கைகொடுத்தது. 1959 அக்டோபரில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 சொற்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. மரபுத்தொடர்களை விளக்க 'வேர்ட்ஸ் அண்ட் தேர் ஸ்டோரீஸ்' என்ற தனி நிகழ்ச்சியும் வந்தது.

"பீஸ் ஆஃப் கேக்" என்று யாராவது சொன்னால் கேக்கைத் தேடாதீர்கள். நமக்கு அல்வா சாப்பிடுவது போல, ஆங்கிலம் பேசுவோருக்கு அது மிகச் சுலபமான வேலை! நீங்களும் பழகிப் பார்க்க, ஆங்கிலச் செய்தியில் ஒரு வாக்கியம் கேளுங்கள். அதே ஏற்ற இறக்கத்தோடு உடனே திருப்பிச் சொல்லுங்கள். சொல்வரிசை நாவில் தானாகப் படியும்.