தேங்காய்ப்பால் ஏன் பிரிகிறது?

வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே மேலே கட்டியாக ஏடு நிற்கிறது. கடையில் வாங்கும் பெட்டிப்பால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறதே, என்ன மருந்து கலக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். கெடாமல் இருப்பதற்கு ஆலையில் காட்டும் சூடு காரணம். பிரியாமல் இருப்பது வேறு கதை.

எண்ணெய்த் துளி மேலேறும் வேகத்தை அதன் பருமன் தீர்மானிக்கிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஊசல்களை ஆராய்ந்து 1851-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வருவது இது. பாலை நுண்ணிய இடுக்கு வழியே அழுத்திச் செலுத்தித் துளிகளை நொறுக்கும் இயந்திரத்துக்கு 1899-இல் பிரான்சின் ஒகுஸ்த் கோலான் காப்புரிமை பெற்றார். வரலாறு இவ்வளவு போதும்.

நொறுக்கினால் மட்டும் போதுமா? போதாது. என்னை வியக்கவைக்கும் இடமும் இதுதான். 10 மைக்ரான் துளி ஒன்றை உடைத்தால் 1 மைக்ரான் துளிகள் ஆயிரம் கிடைக்கும். எண்ணெய் கூடவில்லை, ஆனால் மேற்பரப்பு பத்து மடங்காகிவிட்டது. தேங்காயின் புரதம்தான் ஒவ்வொரு துளிக்கும் போர்வை. பெரியவர் ஒருவர் படுத்திருந்த இடத்தில் ஆயிரம் குழந்தைகள் வந்து படுத்தால், இருக்கிற துணி எப்படிக் காணும்? ஒரே போர்வையை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போர்த்திக் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடப்பார்கள். போர்வையே கிடைக்காத பிள்ளைகள் ஒருவரோடொருவர் கரைந்து மறுபடி ஒரு பெரியவராகவே ஆகிவிடுவார்கள்! பாலைக் கொதிக்கவிட்டாலோ போர்வைகள் பக்கத்துப் போர்வைகளோடு தைத்துக்கொள்ளும், பால் திரியும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்குமுன் அடுப்பிலிருந்து இறக்குவது இதனால்தான்.

ஆகவே ஆலைகள் பலவும் கூடுதல் போர்வையாகப் பாலிசார்பேட் போன்ற எமல்சிஃபையரைச் சேர்க்கின்றன. துளி மேலேறுவதைத் தாமதப்படுத்த, நீரைக் கெட்டியாக்கும் குவார் கோந்தும் சேர்வதுண்டு. அது கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. பெயரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அதேபோல், முகப்பூச்சு விளம்பரங்களில் வரும் ‘நானோ எமல்ஷன்’ என்ற சொல்லைக் கண்டு மயங்கவும் வேண்டாம். துளி சிறுக்கச் சிறுக்கப் போர்வைக்கான தேவை ஏறிக்கொண்டே போகும். அதை எதைக்கொண்டு ஈடுகட்டினார்கள் என்று சொல்லாமல் அளவை மட்டும் பெருமையாகச் சொன்னால், நான் நம்பமாட்டேன்.

வாசகரின் ஃபிரிட்ஜில் நிற்கும் ஏட்டில் பெரும்பாலான துளிகள் இன்னும் தனித்தனியாகவே இருக்கும். சற்று வெளியே வைத்துக் குளிர் தணிந்தபின் கலக்கினால் சேர்ந்துவிடும். தெளிந்த எண்ணெயாக மிதந்தால் போர்வை கிழிந்துவிட்டது என்று பொருள்; அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் பழைய பால் திரும்பாது.