மின்சாரக் காருக்கு மின்னேற்றம் செய்தல்: புதிதாக ஓட்டுவோருக்கான விளக்கம்

மின்னேற்றம் (சார்ஜிங்) என்பது மின்சாரக் காரின் பேட்டரியில் வெளியிலிருந்து மின்சாரத்தை ஏற்றிச் சேமிக்கும் செயலாகும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் கேட்பது, "வழியில் சார்ஜ் போடும் இடம் எங்கே இருக்கிறது?" என்பதே. நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு அதைவிட முதன்மையான கேள்வி வேறு: "இரவில் கார் நிற்கும் இடத்தில் நல்ல எர்த் உள்ள பவர் பிளக் இருக்கிறதா?" திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதை விளக்குகிறது.

திருவள்ளூரில் உருவான கார்

திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலை 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. பின்னாளில் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் கார்கள் திருவள்ளூரில் தயாராகத் தொடங்கின. அவற்றுள் ஒன்றான இ-சி3 என்ற மின்சாரக் கார் 2023இல் விற்பனைக்கு வந்தது. இதன் பேட்டரி 29.2 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. முழு மின்னேற்றத்தில் 320 கி.மீ. ஓடும் என்பது சோதனைக் கணக்கு. ஏ.சி., நெரிசல், வேகம் ஆகியவற்றால் சாலையில் இது குறையும். ஆகவே 200 கி.மீ. என்று கணக்கிட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. கீழ்வரும் கணக்குகள் இக்காரை ஒட்டியவை. வேறு கார் வைத்திருப்போர் தம் காரின் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

கிலோவாட்டும் கிலோவாட் மணியும்

புதியவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது கிலோவாட் மணி. குழாயில் எவ்வளவு வேகமாக நீர் வருகிறது என்பது கிலோவாட். ஒரு கிலோவாட் மணி என்பது மின் கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட்டுக்குச் சமம்.

மெதுவான மின்னேற்றமும் விரைவு மின்னேற்றமும்

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம் (ஏ.சி.). பேட்டரி ஏற்பது நேர்த்திசை மின்சாரம் (டி.சி.). வீட்டில் சார்ஜ் செய்யும்போது காருக்குள் இருக்கும் சிறு கருவி இந்த மாற்றத்தைச் செய்கிறது. அக்கருவியின் திறன் குறைவு என்பதால் நேரம் அதிகமாகிறது. இ-சி3 காரில் 10 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை ஏற வீட்டு பிளக்கில் பத்தரை மணி நேரம் ஆகும்.

விரைவு மின்னேற்ற நிலையத்தில் பெரிய கருவி வெளியே நிற்கிறது. அது நேர்த்திசை மின்சாரத்தை நேரே பேட்டரிக்குக் கொடுக்கிறது. இதே கார் 10இலிருந்து 80 விழுக்காடு வரை ஏற 57 நிமிடம் போதும். கணக்கிட்டால் சராசரி வேகம் சுமார் 21 கிலோவாட். எனவே 60 கிலோவாட் நிலையத்தில் செருகினாலும் இக்கார் அவ்வளவு எடுத்துக்கொள்ளாது. 80 விழுக்காட்டுக்கு மேல் பேட்டரியைக் காக்க வேகம் மேலும் குறையும். ஆதலால் வழியில் 80 விழுக்காடு ஏறியதும் புறப்பட்டுவிடுவதே சிக்கனம்.

இந்தியாவில் இன்று பெரும்பாலான கார்கள் மெதுவான மின்னேற்றத்துக்கு டைப்-2 என்ற இணைப்பையும், விரைவு மின்னேற்றத்துக்கு சி.சி.எஸ்.-2 என்ற இணைப்பையும் கொண்டுள்ளன. டைப்-2 வடிவத்தின் கீழே இரண்டு பெரிய துளைகள் சேர்ந்திருந்தால் அது சி.சி.எஸ்.-2.

வீட்டு பிளக்கும் எர்த்தும்

கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும்; கார் சார்ஜரோ இரவு முழுவதும் ஏறத்தாழ 14 ஆம்பியர் மின்சாரத்தை இடைவிடாமல் இழுக்கும். பழைய ஒயர், தளர்ந்த பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவை இதைத் தாங்காமல் சூடேறி உருகக்கூடும். எனவே,

1. மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி ஒயர் இழுக்க வேண்டும். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஏற்றது.
2. அந்த இணைப்புக்குத் தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்த வேண்டும்.
3. எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும்.
4. முதல் சில நாள்கள், சார்ஜ் முடிந்தவுடன் ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். இதைக் காரின் கோளாறு என்று எண்ணி, பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது உயிருக்கு ஆபத்தானது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் பாயும்; கதவைத் தொடும் குழந்தையையும் தாக்கும். சிவப்பு விளக்கு ஓர் எச்சரிக்கை. சரிசெய்ய வேண்டியது எர்த்தைத்தான்.

ஒரு நாள் கணக்கு

திருவள்ளூரில் குடியிருப்பவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சென்று திரும்ப நாளொன்றுக்கு 100 கி.மீ. ஓட்டுகிறார் என்று கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் 14 யூனிட் வேண்டும். மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 16 யூனிட் ஓடும். நேரம் சுமார் ஆறு மணி. இரவு பத்து மணிக்குச் செருகினால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

இரண்டு மாதத்தில் 50 வேலை நாள்கள் என்றால் 800 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்குமுறையில் கணக்கிடப்படுகிறது. பயன்பாடு கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகையும் குறையும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள் முதல் கட்டண அட்டையைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். ஆயினும் யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றே வைத்தாலும் 9,600 ரூபாய்தான். அதே 5,000 கி.மீ. தூரத்துக்கு, லிட்டருக்கு 18 கி.மீ. தரும் பெட்ரோல் கார் சுமார் 278 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 27,800 ரூபாய் ஆகும்.

காரோடு ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து ஓடும் வீட்டில், அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் உயர்த்திக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் இருப்போர் ஒயர் இழுக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒப்புதல் பெற வேண்டும்.

தொழிற்சாலையில்

கும்மிடிப்பூண்டியில் எஃகு உருக்காலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் உள்ளன. கண்ணில் பட்ட பிளக்கில் காரைச் செருகக் கூடாது. தீப்பற்றும் பொருள்கள் உள்ள இடங்களுக்குத் தனி மின் பாதுகாப்பு விதிகள் உண்டு. ஆலையின் மின்பிரிவைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே செருக வேண்டும். பலர் சேர்ந்து கேட்டால் வாகன நிறுத்துமிடத்திலேயே நிர்வாகம் ஏற்பாடு செய்ய வாய்ப்புண்டு. எட்டு மணி நேர ஷிப்டு மெதுவான மின்னேற்றத்துக்குத் தாராளமான நேரம்.

நெடுஞ்சாலையில்

கும்மிடிப்பூண்டி வழியே சென்னை–நெல்லூர் நெடுஞ்சாலை செல்கிறது. திருவள்ளூர் வழியே திருப்பதி சாலை செல்கிறது. நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு மின்னேற்ற நிலையம் வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. இது இலக்கு மட்டுமே; நிலையம் இருந்தாலும் இயங்காமல் இருக்கலாம். எனவே புறப்படும் முன் செயலியில் இரண்டு நிலையங்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே போகும்வரை காத்திருக்கக் கூடாது. செயலியில் பதிவதையும் பணம் ஏற்றுவதையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டால் வழியில் தவிக்க வேண்டியதில்லை.

முடிந்ததும் முதலில் செயலியில் நிறுத்தி, காரின் பூட்டைத் திறந்து, பிறகே இணைப்பை உருவ வேண்டும். மின்சாரம் ஓடும்போது கார் அதைப் பிடித்து வைத்திருக்கும்; வலிந்து இழுக்கக் கூடாது.

மழைக்காலத்தில்

காரின் இணைப்பு நீர் புகாதவாறு செய்யப்பட்டிருப்பதால் தூறலில் சார்ஜ் செய்வதில் தவறில்லை. ஆனால் சுவரில் உள்ள பிளக் நனையக் கூடாது. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது தெருவில் நீர் தேங்குவது உண்டு. அங்கே பிளக்கை முன்பு வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேல், கூரைக்குக் கீழே அமைக்க வேண்டும். கார் நிற்கும் இடத்தில் நீர் ஏறத் தொடங்கினால், முதலில் மெயினை அணைத்துவிட்டு, பிறகே ஒயரைத் தொட வேண்டும். மழை எச்சரிக்கை வந்த நாளில் முன்னதாகவே முழு மின்னேற்றம் செய்து வைப்பது நல்லது. மின்தடை ஏற்பட்டாலும் அவசரத்துக்குக் கார் உதவும்.