சாதகக் குறிப்பும் தன்னையறிதலும்

ஈழத்துச் சைவத் தமிழர் இல்லங்களிலே மகவு பிறந்ததும் பிறந்த நேரம் குறித்து வைக்கப்படுகின்றது. பின்னர் அந்நேரத்தைக் கொண்டு குறிப்பு எழுதுவிக்கப்படுகின்றது. எழுதிய குறிப்பு மஞ்சள் பூசப்பெற்றுப் பெட்டகத்துட் புகும். அது மீண்டும் வெளிவருவது பெரும்பாலும் இரு காலங்களிலேயாம்: துன்பம் நேர்ந்த காலம் ஒன்று, கலியாணம் பேசுங் காலம் மற்றொன்று. அவ்விரு பொழுதினும் குறிப்புக்கு உரியவர் அதனைப் படிப்பதில்லை. சாத்திரியார் படிக்கின்றார், பெற்றோர் கேட்கின்றனர், உரியவர் தீர்ப்பை மாத்திரம் அறிகின்றார். தம்மைப் பற்றி எழுதப்பட்டதொன்றைத் தாமே வாசிக்க அறியாதிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. ஆதலின், குறிப்பை வாசிக்கக் கற்குமாற்றையும், தன்னை அறிதற்கு அது எவ்வளவு துணையாகும், எவ்வளவு ஆகாது என்பதனையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

சோதிடக் கல்வி நம் நாட்டிற்குப் புதிதன்று. ஈழத்தில் இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் சரசோதிமாலை ஒரு சோதிட நூலே. போசராச பண்டிதர் இயற்றிய அந்நூல், 1310 ஆம் ஆண்டிலே தம்பதெனியாவில் பராக்கிரமவாகு மன்னன் அவையில் அரங்கேறிற்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்திலே செகராசசேகரமாலை எழுந்தது. கற்றோர் அவையில் நின்ற கல்வியாயினும், அதன் தொடக்கப் பாடங்களைத்தானும் இன்று நம்முட் பலர் அறியார்.

குறிப்பிலே முதற்கண் காணப்படுவது இராசிக் கட்டம். ஒரு சதுரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள் அமைந்திருக்கும். மேல் வரிசையின் இடப்பக்க மூலை மீனம்; அதற்கு வலப்பக்கத்தது மேடம்; அவ்வாறே வலமாக இடபம், மிதுனம் என வரிசை செல்லும். இவை எவர் குறிப்பிலும் இடம் மாறா. மாறுவன கோள்களும், ‘ல’ எனக் குறிக்கப்படும் இலக்கினமுமே. இலக்கினமாவது பிறந்த கணத்திலே கீழ்வானில் உதயமாகிக்கொண்டிருந்த இராசி. பன்னிரு இராசிகளும் ஒரு நாளில் உதயமாதலின், ஓர் இலக்கினம் ஏறக்குறைய 2 மணி நேரம் நிற்கும். சந்திரன் ஓர் இராசியில் ஏறக்குறைய 2¼ நாளும், சூரியன் ஒரு மாதமும், வியாழன் ஓராண்டளவும், சனி 2½ ஆண்டளவும் தங்கும். வான்வட்டத்தை 27 ஆகப் பகுத்தவிடத்துச் சந்திரன் நின்ற பகுதியே பிறந்த நட்சத்திரமாகும்.

இவ்வளவு அறிந்த மாணாக்கர் தம் குறிப்பைத் தாமே சோதித்தல் கூடும். சித்திரை மாதத்திற் சூரியன் மேடத்தில் நிற்கும். அடுத்த மாதங்களில் அடுத்தடுத்த வீடுகளில் நிற்கும். சூரியோதயத்திற் பிறந்தவருக்கு இலக்கினம் சூரியன் நின்ற வீடேயாம். நண்பகலிற் பிறந்தவருக்கு அதிலிருந்து நான்காவதை ஒட்டியும், அத்தமனத்திற் பிறந்தவருக்கு ஏழாவதை ஒட்டியும் அமையும். பூரணையிலே சந்திரன் சூரியனுக்கு எதிரிலும், அமாவாசையிலே சூரியனோடும் நிற்கும். புதன் சூரியனுக்கு அடுத்த வீட்டைக் கடவாது. சுக்கிரன் இரண்டு வீடுகளைக் கடவாது. இராகு கேதுக்கள் எஞ்ஞான்றும் நேரெதிரானவை. இவற்றுக்கு மாறாகக் குறிப்பொன்று எழுதப்பட்டிருப்பின், பலன் கேட்கு முன்னரே கணிதத்தைத் திருத்துதல் வேண்டும். இப்பயிற்சி ஒருவரை ஏட்டிலிருந்து வானத்துக்கு அழைத்துச் செல்லும்; மாலையிலே மேற்கு வானை நோக்கிச் சுக்கிரனைக் காணும் ஆவலை எழுப்பும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையளவில் உள்ளது. இலங்கையின் நியம நேரமோ 82½ பாகைக்கு உரியது. ஆகவே உள்ளூர் நேரம் மணிக்கூட்டு நேரத்திற்கு ஏறக்குறைய 10 நிமிடம் பிந்தியது. அன்றியும், 1996 ஆம் ஆண்டு மே மாதத்திலே இந்நாட்டு மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அதிற் பாதி குறைக்கப்பட்டது. 2006 ஏப்பிரல் மாதத்திலேயே பழைய நேரம் மீண்டது. அக்காலத்தில் வன்னிப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கிற்று. எனவே ஒரே கணத்திற் பிறந்த குழந்தைகள் இருவருக்கு இரு வேறு நேரங்கள் எழுதப்பட்டிருத்தல் கூடும். குறிப்பின் இரண்டாங் கட்டமாகிய நவாமிசத்திலே இலக்கினம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். இதனை எண்ணுவோர், அக்காலத்துக் குறிப்பொன்றை எத்துணை எச்சரிக்கையோடு கையாளவேண்டும் என்பதனை உணர்வர்.

இனி, குறிப்பிலுள்ள வானநிலை மெய்யாதல் வேறு. அதிலிருந்து உரைக்கப்படும் குணம் மெய்யாதல் வேறு. பின்னையது பலமுறை சோதிக்கப்பட்டுள்ளது. 1985 ஆம் ஆண்டிலே ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் சோன் கார்ல்சன் வெளியிட்ட ஆய்விலே, சோதிடர்களிடம் ஒருவரது சாதகமும் மூவருடைய குண விவரங்களும் கொடுக்கப்பட்டன. மூன்றிற் பொருத்தமானதைத் தெரியும்படி கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர் பெறும் அளவே, அஃதாவது மூன்றில் ஒன்றே, அவர்க்கும் சரியாயிற்று. நம் முறையைச் சார்ந்த சோதனையும் உண்டு. வானியலறிஞர் சயந்த் நார்லிக்கரும் பிறரும் 2008 இல் மகாராட்டிரத்திலே, கல்வியிற் சிறந்த பிள்ளைகளின் சாதகங்களையும் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் சாதகங்களையும் கலந்து, சோதிடர் 27 பேருக்கு ஆளுக்கு 40 வீதம் கொடுத்துப் பிரிக்குமாறு வேண்டினர். சரியாகக் கூறியது நூற்றுக்கு 46. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பினும் அவ்வளவு கிடைக்கும்.

அங்ஙனமாயின், பலன் கேட்போர் “என்னை உள்ளவாறே சொல்லிவிட்டார்” என வியத்தல் எவ்வாறு? 1948 ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியலறிஞர் பெர்ட்றம் போரர் தம் மாணாக்கருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குண விவரமென ஒரு தாளை வழங்கினார். அது எத்துணைப் பொருத்தம் என ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. உண்மையில் அனைவருக்கும் வழங்கப்பட்டது ஒரே தாள். அதன் வாக்கியங்களுட் பெரும்பாலன கடையில் விற்கும் சோதிடப் புத்தகமொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பொதுவாகக் கூறப்பட்டதை நம் வாழ்க்கையிலிருந்து நாமே நிரப்பிக்கொள்கின்றோம் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், குறிப்பை எறிந்துவிடுதற்கு இது காரணமன்று. அதனை வேறு வகையாகப் பயன்படுத்துதற்கே காரணமாகும். நிரப்புபவர் நாமேயாயின், அறிந்தே நிரப்புவோமாக. கோள்களை நீக்கி நோக்கினும் பன்னிரு பாவங்கள் எஞ்சி நிற்கும். அவை மானிட வாழ்க்கையை ஒன்றும் எஞ்சாமற் பகுத்த பன்னிரு வினாக்கள். ஒரே வீட்டில் எவையெவை சேர்த்து வைக்கப்பட்டுள்ளன என்பதிலே முன்னோர் நுண்ணறிவு புலனாகும். இரண்டாம் வீட்டிலே குடும்பமும் பொருளும் வாக்கும் ஒருங்குள்ளன: என் வாக்கு வீட்டாரிடத்து எவ்வாறு அமைந்துள்ளது? மூன்றாம் வீட்டிலே சகோதரரும் துணிவும்: எவர் துணையால் நான் துணிவு பெறுகின்றேன்? நான்கிலே தாயும் மனையும் கல்வியும். ஐந்திலே மக்களும் புத்தியும். ஆறாம் வீட்டிலே நோயும் கடனும் பகையும் கூடியிருக்கின்றன. மூன்றும் சிறிதாயிருக்கும்போதே கவனியாதுவிடின் வளர்வன: அவ்வாறு நான் கவனியாது விட்டது யாது? ஒன்பதிலே தந்தையும் அறமும், பத்திலே தொழில். பன்னிரண்டிலே செலவும் உறக்கமும் வீடுபேறும் ஒருங்குள: என் காலத்தையும் பொருளையும் எதன்பொருட்டு இழக்கின்றேன்? எதனை விடுதல் எனக்கு நலம்?

பயிலும் முறை எளிது. ஆண்டுக்கொருமுறை, பிறந்த நட்சத்திரம் வரும் நாளிலே, அப்பியாசக் கொப்பி ஒன்றிற் கட்டத்தை வரைந்து, இலக்கினத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மூன்று வரிகள் எழுதுக. எந்தப் பலன் நூலையும் பார்க்குமுன் எழுதுதல் இன்றியமையாதது; இல்லையேல் நூல் கூறியதையே நம் குணமெனக் கொள்வோம். நடந்த செயல்களை எழுதுக. “கோபக்காரன்” என்னாது, எவரிடம் எப்பொழுது சினந்தோம் என எழுதுக. மறு ஆண்டு முன்னதை எடுத்து ஒப்பிடுக. சில ஆண்டுகளில் ஒருவர் தம்மைப் பற்றிப் பெறும் அறிவு, எந்தச் சாத்திரியாரும் கொடுக்க இயலாத அறிவாகும்.

குறிப்பை வாசிக்கக் கற்றவருக்கு மற்றுமொரு நன்மை உண்டு; அஃது அச்சம் நீங்குதல். இலக்கினத்திற்கு 2, 4, 7, 8, 12 ஆம் வீடுகளிற் செவ்வாய் நிற்பின் தோடம் என்பர். பன்னிரண்டில் ஐந்து வீடுகள். ஆகவே பன்னிருவருள் ஏறக்குறைய ஐவருக்கு அது உண்டு. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணத் தொடங்கின் தப்புபவர் சிலரே. இத்தகைய பொதுநிலை ஒன்றினாற் பெண்மக்கள் பலர் கலியாணம் ஆண்டுக்கணக்கிற் பின்போகக் காண்கின்றோம். ஏழரைச் சனியும் அத்தகையதே: சந்திரன் நின்ற வீட்டிலும் அதன் முன்பின் வீடுகளிலும் சனி செல்லுங் காலம் அது. பன்னிரு இராசியில் மூன்று எப்பொழுதும் அதற்கு உட்படுதலின், மானிடரிற் காற்பங்கினர் எந்நாளும் ஏழரைச் சனியிலேயே உள்ளனர். உயர்தரப் பரீட்சையில் தவறிய மாணவன் ஒருவனுக்குச் சனி பிடித்தது எனக் கூறுமுன், அதே சனியிற் சித்தியெய்திய அவன் வகுப்பினரை எண்ணிப்பார்த்தல் நன்று. அவனுக்கு வேண்டுவது, எப்பாடத்தில் எப்பகுதி விளங்கவில்லை என்னும் ஆராய்ச்சியாம்.

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாளும் கோளும் அடியாரை நலியா என்பதே திருஞானசம்பந்தர் அருளிய கோளறு பதிகத்தின் கருத்து. கோள்களை அறியவேண்டா என்று நம் பெரியோர் கூறினாரல்லர். அவற்றுக்கு அஞ்சவேண்டா என்றே கூறினர். குறிப்பு வானத்தைக் காட்டுவது. நம் உள்ளத்தை நாமே காணவேண்டும். பெட்டகத்திலுள்ள குறிப்பை இளைஞர் ஒருமுறை கையிலெடுத்துத் தாமே வாசிப்பாராக. பின்னர் அதனை வைத்துப் பிறர் கூறுவது எதுவாயினும், அதனை நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் அவரிடத்து இருக்கும்.