ஒரே வாசலில் இரண்டு சம்பளம்

தெற்குத் தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சரோஜினி நகருக்கும் பக்கத்தில் இருக்கும் லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதால் தலைநகர்த் தமிழர்களுக்கு நன்கு பழகிய பெயர். இப்படிப்பட்ட குடியிருப்புகளில் ஒவ்வொரு வாசலையும் நம்பி இரண்டு சம்பளங்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே வசிப்பவருடையது. மாதக் கடைசியில் வங்கிக்கு வந்துவிடும். மற்றது, பாத்திரம் தேய்க்கவும் துணி இஸ்திரி போடவும் கார் துடைக்கவும் வருகிறவருடையது; கையில் கொடுப்பது, எந்த ஏட்டிலும் ஏறாதது. 2020 மார்ச் 25-ல் தொடங்கிய கொரோனா ஊரடங்கு இரண்டையும் ஒரே நாளில் உரசிப் பார்த்தது. முதல் சம்பளத்தில் அகவிலைப்படி உயர்வு மட்டும் 2021 ஜூன் வரை நிறுத்தப்பட்டது. இரண்டாவது சம்பளம் வருவதும் வராததும் வீட்டுக்காரர் மனத்தைப் பொறுத்ததாயிற்று.

சாதாரண நாளில் ஒருவருக்கு வேலை போனால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஊரடங்கில் காரணம் ஒன்றுதான்: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அரசு போட்ட உத்தரவு. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஊர் நன்மைக்காக ஒருவரின் நிலத்தை எடுத்தால் இழப்பீடு தருகிறோம். ஊர் நன்மைக்காக ஒருவரின் கூலியை எடுத்தாலும் அதே நியாயம்தான். மத்திய உள்துறை 2020 மார்ச் 29-ல் போட்ட உத்தரவு இந்தக் கடனை ஒப்புக்கொண்டது. கட்டும் பொறுப்பை மட்டும் முதலாளிகள் தலையில் வைத்தது. மூடிக் கிடக்கும் பட்டறையும் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்றது. சிறு முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-ல் நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. முதலாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடன் உத்தரவாதம். தொழிலாளிக்குக் கிடைத்தது, தன் வருங்கால வைப்பு நிதியிலிருந்து தானே எடுத்துச் செலவழிக்கும் அனுமதி. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை ஏறத்தாழ 21 சதவீதத்தைத் தொட்டது.

உதவியே வரவில்லை என்று சொல்ல முடியாது. அது எங்கே வந்தது என்று பார்த்தால் ஒன்று புலப்படும்: பெயரும் நிதியும் முன்கூட்டியே பதிவாகியிருந்த இடத்துக்கு வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை 1996-ன் சட்டப்படி வரியாகத் திரட்டிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருந்தது. பதிவு பெற்றவர்கள் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர். ஊரடங்குக்கு முந்தின நாளே அந்தப் பணத்தை வழங்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தில்லி அரசு தலைக்கு 5,000 ரூபாய் தந்தது. அதே கட்டடத்தில் செங்கல் சுமந்தும் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவருக்கு அது வரவில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகமான ஈ.எஸ்.ஐ.யில் 2018 முதலே வேலையிழப்பு உதவித் திட்டம் ஒன்று, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற பெயரில், உண்டு. சராசரிக் கூலியில் 25 சதவீதம் தந்துவந்த அத்திட்டம், 2020 ஆகஸ்டில் 50 சதவீதமாக உயர்ந்தது, 90 நாள் வரைக்கும். ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும், நிறுவனம் சந்தா கட்டாமல் விட்டவரும் அதன் கணக்கிலேயே இல்லை.

வீட்டு வேலை செய்கிறவர் இவற்றில் எந்தக் கணக்கிலும் இல்லை. ஜன் தன் வங்கிக் கணக்கு இருந்த பெண்களுக்கு மூன்று மாதம் ஐந்நூறு ஐந்நூறாக வந்தது. ரேஷன் அட்டை இருந்தால் அரிசியோ கோதுமையோ கிடைத்தது. இவை வறுமைக்கான உதவி. போன கூலிக்கு ஈடு ஆகாது. இதற்கு வழியே இல்லையா? பிரான்சில் வீட்டு வேலையாளை அமர்த்தும் குடும்பமே சட்டப்படி ஒரு முதலாளி. வேலை செய்த மணிகளையும் கூலியையும் மாதாமாதம் இணையத்தில் பதிகிறது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது, வேலை நடக்காத மணிகளுக்கும் நிகரக் கூலியில் 80 சதவீதத்தைக் குடும்பம் கொடுத்தது. அந்தப் பணத்தை அரசு குடும்பத்துக்குத் திருப்பியது. வேலையாளுக்கும் வருமானம், வீட்டுக்காரருக்கும் பாரமில்லை, அறுந்துபோகாத உறவு. அவசரத்தில் முளைத்த புத்திசாலித்தனமாக இதைக் கருத வேண்டாம். முன்பே ஓடிக்கொண்டிருந்த ஏடுதான் அன்றைக்குக் கை கொடுத்தது.

சும்மா இருக்கக் காசு கொடுத்தால் சோம்பல் வளரும் என்பது பழைய மறுப்பு. வெளியே வராதே என்று அரசே சொல்லும் காலத்தில், சும்மா இருப்பதுதான் கேட்கப்பட்ட வேலை. மோசடி நடக்கும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அமெரிக்காவில் பெருந்தொற்றுக்கால வேலையின்மை உதவியில் 100 பில்லியன் டாலருக்கு மேல் மோசடியில் போயிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே மதிப்பிட்டது. ஆனால் அங்கே அடையாளம் தெரியாத சுயதொழிலாளர்களுக்கான திட்டத்தை, அவர்கள் சொல்லையே சான்றாகக் கொண்டு அவசர அவசரமாகத் திறந்துவிட்டார்கள். ஏட்டை முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஏழை நாட்டுக்கு இவ்வளவு பணம் எங்கே என்ற கேள்விக்குக் கட்டுமான வரியே பதில்: நல்ல காலத்தில் சிறுகச் சேர்த்தது, கெட்ட காலத்தில் மூட்டையாக இருந்தது. வீட்டுக்காரர்களுக்கு இந்தக் காகித வேலை எதற்கு என்பவர்கள் உண்டு. வருமான வரிக் கணக்கைக் கைப்பேசியிலேயே தாக்கல் செய்பவர்களுக்கு, மாதம் ஒரு முறை ஒரு பெயரும் ஒரு தொகையும் பதிவது பெரிய சுமையாகாது.

தமிழ்நாடு 2007-லேயே வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்தது; 2021 ஆகஸ்டில் வந்த இ-ஷ்ரம் தளத்தில் கோடிக்கணக்கான அமைப்புசாராத் தொழிலாளர்கள் பெயர் பதிந்திருக்கிறார்கள். ஆகப் பெயர் ஏறத் தொடங்கிவிட்டது. அந்தப் பெயருக்கு எதிரே இன்னார் வீட்டில் வேலை, இவ்வளவு கூலி, இவ்வளவு சந்தா என்ற மூன்று கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்ப நாட்டிலேயே எளிதான இடம் அரசு ஊழியர் குடியிருப்பு: ஒவ்வொரு வீட்டின் எண்ணும், குடியிருப்பவரின் பெயரும் சம்பளமும் அரசுக்குத் தெரியும். தன் ஊழியரின் வீட்டு வாசலில் இந்தப் பதிவைத் தொடங்க அரசு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.