சராசரியும் சாப்பாடும்

சென்ற ஆண்டு நம் மெஸ்ஸுக்காக நான் ஒரு கணக்குப் போட்டேன். கூட்டலில் பிழை இல்லை. வகுத்தலிலும் பிழை இல்லை. ஆயினும் அந்தக் கணக்கின் பயனாக நம்மில் ஒருவர் மூன்று வாரம் இரவுச் சாப்பாடு இல்லாமல் இருந்தார். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே, எண்களின் கூட்டம் ஒன்றைச் சுருக்கிப் பார்க்கும் வழிகள் சிலவற்றை இங்கே விளக்கலாம் என்று கருதுகிறேன். கணக்கென்றால் அஞ்சும் நண்பர்களும் துணிந்து படிக்கலாம். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்; ஓரிடத்தில் மட்டும் வர்க்கமூலம் வரும்.

கொல்கத்தாவில் தமிழ்ச் சாப்பாட்டுக்கு நாம் படும் பாட்டைப் புதிதாக வந்தவர்களும் இதற்குள் அறிந்திருப்பார்கள். விடுதிக்கு அருகில் ஒரு சமையலறையை வாடகைக்குப் பிடித்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, லேக் மார்க்கெட்டில் புளியும் கறிவேப்பிலையும் வாங்கிவந்து, பதினொரு பேர் சேர்ந்து ஒரு மெஸ் நடத்துகிறோம். அப்போது ஆளுக்கு மாதம் 2,300 ரூபாய். நாள்தோறும் தயிர், ஞாயிறுதோறும் மீனோ கோழியோ வேண்டுமானால் 3,200 ஆகும் என்றார் சமையற்காரர். எல்லோராலும் இது இயலுமா என்று அறிந்து சொல்லும் பொறுப்பு, பௌதிகம் படிப்பவன் என்ற ஒரே காரணத்தால், என் தலையில் விழுந்தது.

மாதந்தோறும் கைக்கு வரும் தொகையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டேன். வந்த எண்கள் இவை: 3,500, 4,000, 4,000, 4,500, 5,000, 5,000, 5,000, 6,000, 7,000, 7,000, 37,000. கடைசி எண்ணைக் கண்டு வியக்க வேண்டாம். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நம் ஆராய்ச்சி அண்ணன் அதைப் பெறுகிறவர்.

பதினொன்றையும் கூட்டினேன், 88,000 வந்தது. பதினொன்றால் வகுத்தேன், 8,000. "நம் சராசரி வரவு எட்டாயிரம். அதில் 3,200 என்பது நூற்றுக்கு நாற்பது. தாராளமாகக் கொடுக்கலாம்" என்று கூட்டத்தில் அறிவித்தேன். கைதட்டலும் கிடைத்தது. மீனுக்கு விழுந்த கைதட்டல் அது என்பதை நான் அப்போது உணரவில்லை.

அடுத்த மாதம் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணே, எனக்கு மத்தியானம் மட்டும் போதும். ராத்திரி வயிறு சரியில்லே" என்றார். மூன்று வாரம் கழித்தும் அவர் இரவுப் பந்திக்கு வராததைக் கண்டு, "மூணு வாரமாவா வயிறு சரியில்லே?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "வீட்டிலேருந்து வர்றது மூவாயிரத்து ஐந்நூறுதாண்ணே" என்றார். 3,500 என்று எழுதிய சீட்டு அவருடையது. அதை நான் என் கையால் எடுத்துக் கூட்டியிருக்கிறேன்!

அன்றிரவு சீட்டுகளை மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். எட்டாயிரமோ அதற்கு மேலோ பெறுபவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர். பதினொருவரில் பத்துப் பேர் சராசரிக்குக் கீழே இருந்தார்கள். எட்டாயிரம் பெறும் மாணவர் ஒருவர்கூட நம் மெஸ்ஸில் இல்லை. இல்லாத ஒருவரைக் கேட்டு இருக்கும் பதினொருவருக்கும் கட்டணம் வகுத்தவன் நான்.

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை இருபது முறை அளந்து சராசரி எடுப்பது எங்கள் வழக்கம். அங்கே ஊசல் ஒன்று, அதன் அலைவு நேரமும் ஒன்று. அளவுகள்தாம் சிறிது முன்னும் பின்னுமாக விழுகின்றன. அவற்றின் சராசரி உண்மையான நேரத்தை நெருங்கிச் செல்லும். மெஸ்ஸிலோ பதினொரு சீட்டும் பதினொரு தனி மனிதர்களுடையவை. அவற்றுக்கு நடுவே மறைந்திருக்கும் ஓர் 'உண்மையான' வரவு என்று எதுவும் இல்லை. ஊசலுக்குப் பொருந்தும் பழக்கத்தை நான் சீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன்.

சராசரியை அடியோடு பழிக்கவும் கூடாது. எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத்தைத் திரும்பத் தருவது அது ஒன்றே. சராசரியாக ஓர் ஆள் மாதம் எத்தனை கிலோ அரிசி உண்பார் என்று தெரிந்தால், அதைப் பதினொன்றால் பெருக்கி அரிசி வாங்கிவிடலாம். ஒருவர் மூன்று பங்கு உண்டாலும், ஒருவர் அரைப் பங்கு உண்டாலும் மூட்டைக் கணக்குத் தவறாது. மொத்தம் வேண்டிய இடத்தில் சராசரிதான் வேண்டும். ஒவ்வொருவரும் தாங்குவாரா என்று கேட்கும் இடத்தில் அது பயன்படாது.

அங்கே பயன்படுவது இடைநிலை. வகுப்பில் மீடியன் என்று கேட்டிருப்பீர்கள். எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். பதினொன்றில் ஆறாவது, நம் சீட்டுகளில் அது 5,000. (பன்னிரண்டு பேர் இருந்தால் ஆறாவதையும் ஏழாவதையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.) ஆராய்ச்சி அண்ணனின் தொகை நாளை ஒரு லட்சமானாலும் இடைநிலை அசையாது, சராசரியோ துள்ளிக் குதிக்கும். மிகுதியாகத் திரும்பி வரும் எண் முகடு. நம்மில் மூவர் 5,000 எழுதியிருப்பதால் அதுவும் 5,000. சராசரி இடைநிலையைவிட மிகவும் உயர்ந்து நின்றால், மேலே யாரோ சிலர் அதை இழுக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அப்படியானால் 37,000 சீட்டைக் கிழித்தெறிந்தால் என்ன? மீதி பத்துப் பேரின் சராசரி 5,100 ஆகி, இடைநிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆயினும் அது எனக்கு உடன்பாடில்லை. எழுதும்போது ஒரு சுழியம் தவறி விழுந்திருந்தால் நீக்கலாம். அண்ணனோ நம் பந்தியில் அமர்ந்து நம் ரசத்தை உண்பவர். உண்மையான எண்ணை நம் வசதிக்காக நீக்குவது கணக்காகாது.

இனி, எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு வருவோம். ஆய்வுத் திட்டத்துக்காக நான் நகரின் மறுகோடியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஐந்து நாள் மெட்ரோவில் போனேன்; பிடித்த நிமிடங்கள் 29, 30, 30, 30, 31. ஐந்து நாள் பஸ்ஸில் போனேன். 18, 22, 28, 36, 46. கூட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் சராசரி 30. ஆனால் 35 நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் மெட்ரோவில் ஒரு நாளும் தாமதமில்லை. பஸ்ஸிலோ ஐந்தில் இரண்டு நாள் பேராசிரியர் முகத்தில் விழிக்க முடியாது.

இந்த வேறுபாட்டை ஓர் எண்ணில் சொல்வது திட்ட விலக்கம். பஸ் நேரங்கள் 30-இலிருந்து விலகும் அளவு -12, -8, -2, +6, +16. இவற்றை அப்படியே கூட்டினால் சுழியம்தான் வரும். எந்தச் சராசரிக்கும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொன்றையும் வர்க்கமாக்குகிறோம்: 144, 64, 4, 36, 256. கூட்டினால் 504. ஐந்து நாள் என்பது எத்தனையோ நாள்களில் எடுத்த ஒரு மாதிரிதான். மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்தே விலக்கத்தை அளப்பதால் சிதறல் சற்றுக் குறைவாகத் தோன்றும். அதை ஈடுசெய்ய ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுப்பது வழக்கம். 126 வருகிறது, வர்க்கமூலம் ஏறக்குறைய 11.2 நிமிடம். மெட்ரோவுக்கு அதே வழியில் 0.7 நிமிடம். முப்பதும் முப்பதும் ஒன்றல்ல என்பது இப்போது எண்ணாகவே கண்முன் நிற்கிறது.

மெஸ் சீட்டுகளில் பதினொருவரும் அடக்கம்; மாதிரி அன்று, முழுமை. ஆகவே பதினொன்றால் வகுக்கலாம். திட்ட விலக்கம் ஏறக்குறைய 9,237 வருகிறது. சராசரி 8,000, விலக்கம் அதைவிடப் பெரிது! எதிர்மறை வரவு எவருக்கும் இருக்க முடியாத இடத்தில் இப்படி வந்தால், எண்கள் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கின்றன என்று தெளியலாம். இத்தகைய இடங்களில் கால்மானங்களே மேல். இடைநிலைக்குக் கீழுள்ள ஐந்து சீட்டுகளின் நடு எண் 4,000. மேலுள்ள ஐந்தின் நடு எண் 7,000. நம் மெஸ்ஸின் நடுப்பாதியினர் 4,000-க்கும் 7,000-க்கும் இடையில் வாழ்கிறார்கள். கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இதுதான்.

நாம் வாழும் இந்த நகரத்தில்தான் மகலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் அவருடைய கை உண்டு. அந்த மரபில் வந்த 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமத்தில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. அறிக்கை அதோடு நிற்கவில்லை. மக்களைச் செலவின் வரிசையில் பன்னிரண்டு வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே காட்டியது. கிராமத்தில் அடியிலுள்ள நூற்றுக்கு ஐவரின் செலவு 1,373. உச்சியிலுள்ள ஐவரின் செலவு 10,501. நகரத்தில் அவை 2,001, 20,824. செய்தித்தாளில் பெரும்பாலும் முதல் இரண்டு எண்களே தலைப்பாகின்றன. அடியிலுள்ளவர்க்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டுமானால் தேட வேண்டியது பின்னால் வரும் பட்டியலை.

மெஸ்ஸுக்குத் திரும்புகிறேன். 3,200 என்பது இடைநிலை வரவில் நூற்றுக்கு அறுபத்துநான்கு. அந்த முதலாண்டு மாணவருக்கோ மாதத்தில் 300 ரூபாய்தான் மிஞ்சும். எல்லோரும் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தொகைக்கு இடைநிலைகூடப் போதிய காவலன் அன்று. வரிசையின் முதல் எண்ணையும் பார்த்தாக வேண்டும். கூட்டத்தை மீண்டும் கூட்டி, யார் சீட்டு என்று சொல்லாமல், என் தவற்றை மட்டும் சொன்னேன். கட்டணம் 2,500 ஆயிற்று. தயிர் பொதுவில் நின்றது. மீனும் கோழியும் உண்பவர் தனியே கணக்கு வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. கேஸ் செலவை ஆராய்ச்சி அண்ணன் தாமே ஏற்றுக்கொண்டார். மறுத்துப் பேச நாங்கள் யாரும் பெருமுயற்சி எடுக்கவில்லை.

மறுநாள் இரவுப் பந்தியில் பதினொரு தட்டும் விழுந்தன. "வயிறு எப்படி இருக்கு?" என்றேன். "இன்னைக்கு வத்தக்குழம்பாண்ணே?" என்றார் அவர்.