கெட்டிக்காரர்களுக்கு வெட்டிய குழி

1986 ஜூன் மாதம் ஜப்பானில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்ற வீடியோ கேம் வெளியானது. சூப்பர் ஆட்டக்காரர்களுக்கானது என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருந்தது நின்டெண்டோ நிறுவனம். எச்சரிக்கை போலத் தெரிந்தாலும், அது தூண்டில்தான்.

முதல் மாரியோவில் காளானைக் கண்டால் ஓடிப்போய் எடுக்க வேண்டும், மாரியோ பெரியவனாவான். 90களில் டிவியோடு இணைத்து ஆடிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். இரண்டாம் பாகத்தின் முதல் கட்டத்திலேயே ஒரு நச்சுக் காளான் வருகிறது. பழக்கதோஷத்தில் தொட்டவர் காலி. குழியைத் தாண்டக் குதித்தால், கண்ணுக்குத் தெரியாத கட்டையில் தலை இடித்து அந்தக் குழிக்குள்ளேயே விழ வேண்டியதுதான். குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டோம் என்று குழாய்க்குள் இறங்கினால், மூன்றாம் உலகத்திலிருந்து முதல் உலகத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. புதிதாக ஆட வந்தவரைவிட, முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்தான் இதில் அதிகம் ஏமாறுவார்.

இவ்வளவு அடிபட்டும் ஏன் விடுவதில்லை? தாயத்தில் தோற்றால் தாயக்கட்டையைத் திட்டலாம். இங்கே அதற்கு வழியில்லை. எதிரிகள் வரும் இடம், குழியின் அகலம் எல்லாம் பெரும்பாலும் மாறுவதில்லை. போன தடவை எங்கே செத்தோம் என்பது நினைவிருக்கிறது. இந்தத் தடவை அந்த இடத்தைத் தாண்டியும் விடுகிறோம். உடனே தலைக்கனம் ஏறுகிறது. நாலடி தள்ளி அடுத்த குழி.

காப்காம் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ்' இதைவிடக் குரூரம். முதல் அடியில் வீரன் ஆர்தரின் கவசம் கழன்று உள்ளாடையோடு நிற்பான். அடுத்த அடியில் எலும்புக்கூடு. கடைசி அரக்கனை வீழ்த்தியவருக்குக் கிடைக்கும் பரிசு? இதெல்லாம் சாத்தானின் மாயை, முதலிலிருந்து இன்னொரு முறை ஆடு என்ற செய்தி. காசு போட்டு ஆடும் எந்திரத்துக்காகச் செய்த ஆட்டம் அது. கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

ஜப்பானில் வெளியான அந்த இரண்டாம் மாரியோவை நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை வேண்டாமென்று ஒதுக்கியது. வேறொரு ஜப்பானிய ஆட்டத்தில் மாரியோவைப் பொருத்தி, அதையே இரண்டாம் பாகம் என்று 1988இல் விற்றது. அசல் ஆட்டம் 1993இல்தான் 'தி லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஜப்பானியப் பதிப்பை முழுதாக முடித்தவர்களையும் அது சும்மா விடவில்லை. எட்டு முறை முடித்துக் காட்டினால், இன்னும் நான்கு உலகங்கள் திறக்கும்.