உங்களுக்குத் தெரியுமா? பாம்பு முட்டையும் அடைகாக்கும் பெட்டியும்

● அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் விவசாயி அஞ்சுகிற கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடும். நல்லபாம்பும் சாரையும் கட்டுவிரியனும் முட்டையிடும்.

● கோழி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது! இட்ட சில நாட்களில் கரு ஓட்டின் உட்புறம் மேலே ஒட்டிக்கொள்ளும். புரட்டினால் சாகலாம். அதனால்தான் எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போடுவார்கள். ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்காமல் கொத்தாகவே வைப்பார்கள். தானாகத் திருப்பும் தட்டுள்ள கோழி இன்குபேட்டர் இதற்கு ஆகாது.

● மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி, சூடாக்கும் கம்பி, தெர்மோஸ்டாட், ஈர வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்): எளிய இன்குபேட்டர் இவ்வளவுதான். வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை. கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. வெப்பம் 28 முதல் 30 டிகிரி. நல்லபாம்பு முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

● குளிர்நாட்டுக்காரருக்குச் சூடாக்குவதுதான் கவலை. நமக்கு நேர்மாறு. சித்திரை வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்துமே தவிர, பெட்டியைக் குளிர்விக்காது. ஆகவே இங்கே பெட்டியைவிட அறையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தகரக் கூரை வேண்டவே வேண்டாம். பாம்பும் அதைத்தான் செய்கிறது: வெப்பம் அதிகம் ஏறி இறங்காத, ஈரம் தங்கும் புற்றையும் எலி வளையையும் தேடிப் போகிறது.

● பாம்பு முட்டையின் ஓடு தோல் போன்றது, ஈரத்தை உறிஞ்சும். தொடக்கத்திலேயே குழி விழுந்தால் பெரும்பாலும் ஈரம் போதவில்லை. வெர்மிகுலைட்டின் ஓரத்தில் தண்ணீர் விடலாம், முட்டை மேல் தெளிக்கக் கூடாது. பொரியும் நாள் நெருங்கும்போது குழிவது இயல்பு.

● மலைப்பாம்புத் தாய் தானே இன்குபேட்டர்! முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டு விட்டுச் சுருக்கிச் சூடு உண்டாக்கும். 1966இல் நியூயார்க்கில் ஒரு மலைப்பாம்பை வைத்து இதை அளந்து காட்டினார்கள்.

● சென்னை முதலைப் பண்ணையின் ஆய்வில், 28 முதல் 31 டிகிரியில் வைத்த சதுப்புநில முதலை முட்டைகள் பெண்ணாகவே பொரிந்தன, 32.5 டிகிரியில் ஆண்கள். நல்லபாம்புக்கு அப்படியில்லை. அதன் பாலினத்தைக் குரோமோசோமே முடிவு செய்கிறது.

● 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்வனவற்றின் முட்டையும் 'விலங்கு'தான். 2022 திருத்தம் நல்லபாம்பையும் சாரையையும் முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. அனுமதியின்றி வீட்டில் பொரிக்க வைப்பது குற்றம். ஆபத்தும்கூட; நல்லபாம்புக் குட்டிக்கு ஓட்டைக் கிழித்து வரும்போதே நஞ்சு உண்டு. கருவேலம் தூர் பறிக்கையில் முட்டை தென்பட்டால் அங்கே வேலையை நிறுத்துங்கள். தாய் அருகிலேயே இருக்கலாம், கை வைக்காதீர்கள். விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.